நில், தீப்பிடித்துக்கொள்

நேயர்களுக்கு வணக்கம்.

"பழைய கணிப்பொறிகளைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் பாடம் நடத்திவிடாதீர்கள்" என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். நியாயமான பயம்தான். அதனால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சில கட்டளைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எந்தக் கணிப்பொறியும் நிறைவேற்றாத, ஆனால் கணிப்பொறி அறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த கட்டளைகள் அவை.

ஒன்றே ஒன்றை மட்டும் கொஞ்சம் பாடம் மாதிரி சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணிப்பொறிக்கு அடிமட்டத்தில் தெரிந்தது சில கட்டளைகள்தான். கூட்டு, கழி, இங்கிருந்து அங்கே நகர்த்து, இரண்டையும் ஒப்பிடு, இன்ன இடத்துக்குத் தாவு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண். அந்த எண்களை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு செல்லப்பெயர். அந்தச் செல்லப்பெயர்களால் எழுதுவதுதான் அசெம்பிளி மொழி. 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 என்ற பெயரில், மெயின்ஃப்ரேம் எனப்படும் ராட்சதக் கணிப்பொறிகளின் வரிசையை அறிவித்தது. அதன் கட்டளைகள் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் அச்சடித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பச்சை அட்டை கொடுத்தார்கள். எங்கள் தலைமுறை புரோகிராமர்களுக்கு அந்தப் பச்சை அட்டைதான் பஞ்சாங்கம்.

பஞ்சாங்கம் இருந்தால் போலிப் பஞ்சாங்கமும் வரும் இல்லையா? அமெரிக்கக் கணிப்பொறி அறைகளில் 1960களிலும் 70களிலும் இன்னொரு பட்டியல் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. பச்சை அட்டையின் அதே நடை, அதே சுருக்கெழுத்து, அதே விறைப்பு. நாட்டுப்பாட்டு மாதிரி ஆசிரியர் பெயர் கிடையாது. போகிற ஊரிலெல்லாம் இரண்டு வரி கூடும். அதில் முதலிடம் எச்.சி.எஃப். 'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்'. நில், தீப்பிடித்துக்கொள்.

அடுத்து ஆர்.பி.எம்., புரோகிராமரின் மனதைப் படி. பிறகு, டேப்பைச் சுற்றி, அறுத்துவிடு. பிரிண்டர் காகிதத்தைக் கசக்கிக் கிழி. ரெக்கார்டைப் புதுப்பித்து, உடனே அழி. செய்தியைத் தொலைத்துவிட்டு வேறிடம் தாவு. அட்டைப் படிப்பானைப் பின்னோக்கி ஓட்டு. (அப்போது புரோகிராமை அட்டைகளில் துளைகளாகப் போட்டுத்தான் கணிப்பொறிக்குக் கொடுப்போம்; அந்தத் துளைகளைப் படிக்கிற இயந்திரம் அது.) 'பஞ்ச் ஆபரேட்டர்' என்று ஒன்று. அட்டையில் துளை போடுவதும் பஞ்ச், மூக்கில் குத்துவதும் பஞ்ச். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஈ.பி.ஐ. 'எக்ஸிக்யூட் புரோகிராமர் இமீடியட்'. இதில் ஒரு விசேஷம் கவனித்தீர்களா? ஆங்கிலச் சிலேடைகள் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் வழியிலேயே செத்துப்போகும். இது மட்டும் அப்படியே வந்து இறங்குகிறது. கட்டளையையும் நிறைவேற்றுகிறோம், மரண தண்டனையையும் நிறைவேற்றுகிறோம். புரோகிராமரை உடனே நிறைவேற்று!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பட்டியல் இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் ஒரு சீனியர். முகத்தில் சிரிப்பே வராது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தப் பச்சை அட்டையில பி.பி.டபிள்யூ-வோட எண் என்னன்னு பார்த்துச் சொல்லேன்."

"அது என்ன சார்?"

"பிராஞ்ச் போத் வேஸ்."

பார்த்தேன். அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், மடிப்புக்குள். பிறகு பீரோவைத் திறந்து தடித்தடியான கையேடுகள். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. மூன்று மணிக்குப் போய், "எங்கேயும் இல்லையே சார்" என்றேன்.

"இல்லையா? போன மாசம்கூட இருந்துதே!" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. பிராஞ்ச் என்றால் புரோகிராம் போகிற பாதையில் பிரிகிற இடம். நிபந்தனை சரியென்றால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். 'போத் வேஸ்' என்றால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போவது! அதைத்தான் நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

ஆனால் நான் அத்தனை முட்டாளும் இல்லை. அந்த அட்டையில் உண்மையாகவே இருந்த சங்கதிகளைப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அதில் 'ஸாப்' என்று ஒரு கட்டளை உண்டு. பேரைக் கேட்டால் எதையோ சுட்டுப் பொசுக்குகிற மாதிரி இருக்கும். செய்கிற வேலை, ஓர் இடத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு அதில் ஒரு தசம எண்ணைக் கூட்டுவது. டிஜிட்டல் நிறுவனத்தின் பி.டி.பி.-10 இன்னும் ஒருபடி மேலே. அதன் கட்டளை வரிசையில் 'ஜம்ப்' என்று ஒன்று இருந்தது. அது ஒருபோதும் குதிக்காது. குதிக்க வேண்டுமென்றால் 'ஜம்ப் ஏ' என்று எழுத வேண்டும். 'ஸ்கிப்' என்பது எதையும் தாண்டாது. அதற்கும் பின்னால் ஓர் எழுத்துச் சேர்க்க வேண்டும். விளையாட்டுக்கு யாரும் வைத்ததில்லை இது. நிபந்தனைகளை ஒழுங்காக வரிசைப்படுத்திக்கொண்டே வந்தால் 'எப்போதும்' என்பது ஒரு முனையிலும் 'ஒருபோதும் இல்லை' என்பது மறுமுனையிலும் வந்து நிற்கும். அந்த ஒருபோதும் இல்லைக்குத்தான் எழுத்துச் சேராத வெறும் பெயர் கிடைத்தது. குதிக்காத குதியை நிஜம் என்று நம்பச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் போகிற பிராஞ்சைப் பொய் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு புதுப்பெண் என்ன செய்வாள்?

அந்தப் பொய்யும்கூட முழுப் பொய்யாக நிலைக்கவில்லை. 1960களின் கடைசியில் வந்த 360 வரிசையின் 91-ஆம் மாடல், பிராஞ்ச் வந்ததும் விடை தெரிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. நேர்ப்பாதையில் உள்ள கட்டளைகளைத் தற்காலிகமாகத் தொடங்கிவைக்கும். கூடவே தாவப்போகிற இடத்துக் கட்டளைகளையும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளும். இரண்டு படகிலும் ஒவ்வொரு கால். என் சீனியருக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். கேட்கவேயில்லை.

இந்தக் கேலிக் கட்டளைகளில் பாதிக்கு மேல் புரோகிராமைப் பற்றியவை இல்லை. டேப், அட்டை, பிரிண்டர், ஆபரேட்டர் பற்றியவை. காரணம், அன்றைக்கு புரோகிராம் எழுதுகிறவருக்குக் கணிப்பொறியைத் தொடக்கூட அனுமதி கிடையாது. குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் அது இருக்கும். நீங்கள் அட்டைக் கட்டை ஜன்னல் வழியாக ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். முறை வரும்போது ஓடும். சில இடங்களில் சாயங்காலம், சில இடங்களில் மறுநாள் காலை விடை வரும். பல நாள் அந்த விடை, 'ஏழாவது அட்டையில் ஒரு கமா விட்டுப்போயிற்று' என்பதாக இருக்கும். இல்லையென்றால் புரியாத எண்களாக ஒரு கட்டுக் காகிதம். அதற்கு 'டம்ப்' என்று பெயர். ஒரு கமாவுக்காக ஒரு நாளைத் தொலைத்தவர் 'மனதைப் படி' என்று ஒரு கட்டளை கேட்பதில் என்ன தப்பு? 'ஆபரேட்டரைக் குத்து' என்றுகூடத் தோன்றத்தான் செய்யும். ஆபரேட்டருக்கு நம்மைப் பற்றி என்ன தோன்றியிருக்கும் என்பது வேறு விஷயம்.

கேலி காகிதத்தோடு நிற்கவும் இல்லை. ஓர் அட்டையில் 80 பத்தி, பத்திக்கு 12 இடம். மொத்தம் 960 துளைகள் போடலாம். 960-ஐயும் போட்டுவிட்டால் கிடைப்பது 'லேஸ் கார்டு'. நம் வீட்டுச் சல்லடை மாதிரி இருக்கும். அதை யாராவது அட்டைக் கட்டின் நடுவில் செருகிவிட்டால், படிப்பானுக்குள் போய் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு மெல்லிய தகட்டுக் கத்தியை வைத்துத் துணுக்கு துணுக்காகப் பிய்த்தெடுக்க வேண்டும். இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பிய்த்தெடுக்கிற ஆள் எப்போதும் ராத்திரி ஷிப்ட்டில் இருக்கிற கடைசிப் பையன்தான்.

சரி, தீக்கு வருவோம். கணிப்பொறி தீப்பிடிக்குமா?

அந்தக் காலத்து நினைவகம் சின்னச் சின்ன காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்துச் செய்தது. ஒரே இடத்தையே இடைவிடாமல் படித்துக்கொண்டிருந்தால் அந்தக் கம்பி சூடேறிக் கருகிவிடும் என்று ஒரு கதை உலவியது. எச்.சி.எஃப். அங்கிருந்து முளைத்தது என்பார்கள். கதையென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரிண்டர் எரிந்தது கதையில்லை. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 1959-இல் ஒரு பிரிண்டர் வைத்தார்கள். நிமிஷத்துக்கு 6,000 வரி. அச்சான மையை ஓர் அடுப்புக்குள் செலுத்திச் சூட்டினால்தான் அது காகிதத்தில் ஒட்டும். காகிதம் ஓடிக்கொண்டிருக்கும்வரை சரி. எங்காவது நின்றால் அடுப்புக்குள் இருப்பது பற்றிக்கொள்ளும். இதில் கூத்து என்னவென்றால், முன்னால் பற்றிக்கொண்டது தெரியாமல் பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், புதுக் காகிதத்தை அதிவேகமாக அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். யாகத்தில் நெய் ஊற்றுகிற மாதிரி! பிரிண்டர் தீப்பிடித்துவிட்டது என்கிற எச்சரிக்கைச் செய்தி லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எச்.சி.எஃப்-புக்கும் ஒரு நாள் உயிர் வந்தது. மோட்டோரோலா 6800 என்ற சின்னச் சில்லில், கையேட்டில் அச்சிடாத சில எண்களைக் கட்டளையாகக் கொடுத்துப் பார்த்து, நடந்ததை ஒருவர் 1977 டிசம்பர் 'பைட்' பத்திரிகையில் எழுதினார். அதில் இரண்டு எண்கள் வேடிக்கையானவை. கொடுத்ததும் சில்லு பிரமை பிடித்த மாதிரி நினைவகத்தின் ஒவ்வொரு இடத்தையும் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். எதையும் காதில் வாங்காது. மின்சாரத்தை நிறுத்தியோ ரீசெட் அழுத்தியோதான் மீட்க வேண்டும். என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர். பத்திருபது வருஷம் கேலியாகத் திரிந்த பெயருக்கு ஒருவழியாக வீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வடிவமைப்பாளர்களே வெட்கத்தை விட்டுவிட்டார்கள். 1990களில் வந்த பவர்பிசி சில்லில் ஒரு நிஜக் கட்டளையின் பெயர் 'ஈ-ஐ-ஈ-ஐ-ஓ'. ஒரு பண்ணைக்காரரைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் பல்லவி அது. 6809 என்ற சில்லில் எண்ணின் குறியை நீட்டுகிற கட்டளைக்கு வைத்த மூன்றெழுத்துப் பெயரை நான் இங்கே சொன்னால், அடுத்த முறை இந்த நிலையத்தார் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

வானொலி என்றதும் நினைவு வருகிறது. ஐபிஎம் 1401, 1959-இல் அறிவிக்கப்பட்ட இயந்திரம். அதன் நினைவகம் வேலை செய்யும்போது மின்காந்த அலைகள் கசியும். பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோப் பெட்டியை வைத்தால் அந்தக் கசிவு ஒலியாகக் கேட்கும். கேட்டதும் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? எந்தச் சுழற்சியை எத்தனை முறை ஓட்டினால் எந்தச் சுரம் வரும் என்று கணக்குப் போட்டு, கணக்கு இயந்திரத்தைப் பாட வைத்துவிட்டார்கள். ஐஸ்லாந்துக்கு 1964-இல் போன ஒரு 1401-ஐ 1971-இல் ஓய்வுபெறச் செய்தபோது, அதைப் பராமரித்துவந்த பொறியாளர் அதன் பாட்டை டேப்பில் பதிவுசெய்து வைத்தார். எனக்குத் தெரிந்து, பிரிவுபசார விழாவில் தானே பாடிவிட்டுப் போன அலுவலர் அது ஒன்றுதான்.

பிரிண்டரும் பாடியது. 1403 என்ற பிரிண்டரில் ஒரு வரிக்கு 132 சுத்தியல்கள். எந்தெந்த எழுத்தை எந்த வரிசையில் அடித்தால் என்ன ஓசை வரும் என்று பார்த்து, அர்த்தமில்லாத வரிகளை அச்சடித்து மெட்டுப் போட்டார்கள். அதே பிரிண்டரின் பிந்தைய மாடல் ஒன்றில் காகிதம் தீர்ந்தால் மேல்மூடி தானாகவே மெல்ல எழும்பித் திறந்துகொள்ளும். மூடிமேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர் கதி என்ன? இயந்திரமே திருப்பிச் செய்த கேலி என்று அதைச் சொல்லலாம்.

பட்டியலாக இருந்தது ஒரு மொழியாகவே வளர்ந்த கதையும் உண்டு. 1972 மே 26, விடியாத நேரம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் உட்ஸ், ஜேம்ஸ் லயன் என்று இரண்டு மாணவர்கள். இருக்கிற எந்த மொழியோடும் எதிலும் ஒத்துப்போகாத ஒரு கணிப்பொறி மொழி வேண்டும் என்று உட்கார்ந்து உண்டாக்கினார்கள். இன்டர்கால் என்று பெயர். எண்ணைக் கொடுப்பதென்றால் ஒவ்வோர் இலக்கத்தையும் எழுத்தால் எழுத வேண்டும். விடை ரோமானிய எண்ணில் வரும். உச்சம் எது தெரியுமா? கட்டளைகளுக்கு நடுவே போதுமான அளவு 'பிளீஸ்' போட வேண்டும். குறைந்தால் மரியாதை தெரியாதவன் என்று புரோகிராமைத் திருப்பி அனுப்பிவிடும். சரி என்று எல்லா வரியிலும் போட்டால், குழைகிறாய் என்று அப்போதும் திருப்பி அனுப்பிவிடும். இப்படி ஒரு விதி இருப்பதைக் கையேட்டில் அவர்கள் எழுதவும் இல்லை. சம்பந்தி வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி, அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழில் இதைச் செய்திருந்தால் இன்னும் வேடிக்கையாக இருந்திருக்கும். நமக்கு பிளீஸே தேவையில்லை; வினைச்சொல்லின் வாலிலேயே எல்லாம் இருக்கிறது. கூட்டு, கூட்டுங்கள், கூட்டுங்களேன், கூட்டித் தொலை.

அடுத்த வருஷம் இன்னொரு அடி விழுந்தது. 1968 மார்ச்சில் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், 'கோ டு' கட்டளை புரோகிராமை நூல்கண்டுச் சிக்கலாக்குகிறது, அது தீங்கானது என்று ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதன்பிறகு ஊரெல்லாம் அதே சண்டை. 1973 டிசம்பர் 'டேட்டாமேஷன்' இதழில் லாரன்ஸ் கிளார்க் என்பவர் பரம சாதுவாக ஒரு தீர்வு சொன்னார். 'அங்கே போ' என்பதால்தானே தொல்லை? இனிமேல் 'அங்கிருந்து வா' என்று எழுதுவோம். 'கம் ஃப்ரம்'. பாதையில் பேசாமல் போய்க்கொண்டிருக்கிற புரோகிராமை எங்கோ மூலையில் இருக்கிற ஒரு வரி கொக்கி போட்டு இழுத்துக்கொள்ளும். இழுக்கப்படுகிற இடத்தில் ஓர் அடையாளமும் இருக்காது. பின்னாளில் இன்டர்காலில் இதையும் சேர்த்துவிட்டார்கள். ஜாடிக்கேற்ற மூடி.

மனதைப் படிக்கும் கட்டளை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதையும் ஒருவர் நிஜமாகவே செய்துபார்த்தார். வாரன் டைடல்மன் என்ற அமெரிக்கர், லிஸ்ப் மொழியில் எழுத்துப்பிழை வந்தால் கணிப்பொறியே ஊகித்துத் திருத்திக்கொள்கிற ஒரு வசதி எழுதினார். 'நான் நினைத்ததைச் செய்' என்று பொருள்படும்படி 'டிவிம்' என்று பெயர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நடந்ததாகக் கணிப்பொறிக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற சம்பவம் இது. அங்கே பழைய நகல் கோப்புகளின் பெயர் ஒரு டாலர் குறியில் முடியும். ஒருவர் இடம் காலியாகட்டும் என்று, டாலரில் முடிகிற எல்லாவற்றையும் அழி என்று தட்டினார். அப்படி ஒரு கோப்பும் அன்றைக்கு இல்லை. டிவிம் பணிவாகச் சொன்னது: 'டாலரில் முடிகிறது எதுவும் இல்லை; எல்லாவற்றையும் அழி என்று சொல்ல வந்தீர்கள் என எடுத்துக்கொள்கிறேன்.' சொன்னதோடு அழிக்கவும் ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அரை டஜன் கோப்பு போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்றால் இதுதான்.

இன்னும் ஒன்று. இதை யாரும் கேலிக்காக எழுதவில்லை. ஆனாலும் என் பட்டியலில் இதற்குத்தான் முதல் மார்க். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் ஒரு வேலை ஓட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு புரோகிராமின் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கோப்பை உண்டாக்குவது, நீக்குவது மாதிரி வேலைகளை ஆபரேட்டிங் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும், புரோகிராமுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பெயர் வேண்டும். அதற்காகவே ஒன்றும் செய்யாத ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஐ.ஈ.எஃப்.பி.ஆர்.14. அதில் ஒரே ஒரு கட்டளை: வந்த வழியே திரும்பிப் போ. இரண்டு பைட். வருகிறது, போகிறது.

அதில் பிழை இருந்தது.

போகும்போது 'வேலை நல்லபடியாக முடிந்தது' என்பதற்கு அடையாளமாக 15-ஆம் பதிவேட்டில், அதாவது கணிப்பொறி எண்களைக் கைவசம் வைத்துக்கொள்கிற ஒரு சிறு அறையில், பூஜ்யம் வைத்துவிட்டுப் போக வேண்டும். இது வைக்கவில்லை. முன்னால் இருந்த குப்பை அங்கேயே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே செய்யாத வேலை தோற்றுவிட்டது என்று கணிப்பொறி அறிவிக்கும்! திருத்தினார்கள். 15-ஐ 15-இலிருந்து கழி என்று இன்னொரு கட்டளை சேர்த்தார்கள். புரோகிராமின் நீளம் ஒரே நாளில் இரண்டு மடங்காயிற்று, நான்கு பைட்.

என் சீனியர் சில வருஷங்களில் ஓய்வு பெற்றார். அவர் மேஜை எனக்கு வந்தது. பச்சை அட்டையும்தான். புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "தம்பி, இதுல பி.பி.டபிள்யூ எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லேன்" என்றேன். வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. பாவம், இவன் சாப்பாடும் ஆறிப்போயிருக்கும் என்று எனக்கே மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை வந்து பார்த்தால் அட்டை என் மேஜைமேல் இருந்தது. முன்பக்க ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், 'பி.பி.டபிள்யூ: பின்பக்கம் பார்க்கவும்.' திருப்பினேன். அங்கே, 'பி.பி.டபிள்யூ: முன்பக்கம் பார்க்கவும்.'

நன்றி, வணக்கம்.